கியர் விழவில்லையா? எண்ணெயைப் பாருங்கள்!

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கிறது ஆலந்தலை. மீனவர்கள் வாழும் ஊர்.

அங்கே மீன் ஏற்றிய லாரி ஒன்று புறப்படத் தயாராக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்டிகளில் ஐஸ் போட்டாகிவிட்டது. போக வேண்டிய ஊர் தூத்துக்குடி. சுமார் 40 கிலோமீட்டர் தூரம்.

டிரைவர் கிளட்சை மிதிக்கிறார். பெடல் தரைவரை போகிறது. ஆனால் கியர் விழவில்லை! "கர்... கர்..." என்று சத்தம்தான் வருகிறது.

"அண்ணாச்சி, கியர் பாக்ஸ் போச்சா?" என்று கிளீனர் பையன் பதறுகிறான்.

அவசரப்பட வேண்டாம். கியர் பாக்ஸ் நன்றாக இருந்தாலும் கியர் விழாமல் போவது உண்டு. கியர் பாக்ஸை இறக்குவது பெரிய வேலை; செலவும் அதிகம். அதற்குள் ஐஸ் உருகிவிடும். இரவெல்லாம் கடலில் பட்ட பாடு வீணாகும்.

முதலில் பார்க்க வேண்டியது, கிளட்ச் எண்ணெய் இருக்கும் சின்னஞ்சிறு டப்பாவைத்தான்!

எண்ணெய்க்கு என்ன வேலை?

எஞ்சினின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கொண்டு போவது கிளட்ச் பிளேட். பெடலை மிதித்தால் அதன் பிடி விடும். அப்போதுதான் கியர் மாற்றலாம். பிடி முழுவதும் விடாவிட்டால் கியர் முரண்டு பிடிக்கும்.

பல லாரிகளில், காலின் பலத்தைக் கிளட்ச் வரை கொண்டு போவது எண்ணெய். பெடல் அருகே இருப்பது மாஸ்டர் சிலிண்டர். கியர் பாக்ஸ் பக்கம் இருப்பது ஸ்லேவ் சிலிண்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு குழாய்.

ஊசி இல்லாத புதிய மருந்துக் குழல்கள் இரண்டை, ரப்பர் குழாயால் இணையுங்கள். உள்ளே தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றை அமுக்கினால் மற்றது எழும். உள்ளே காற்று புகுந்தால்? காற்று தானே சுருங்கிக்கொள்ளும். மறுபக்கம் சரியாக எழாது.

அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் பரவும். இதை விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் (1623-1662). அவர் சொன்ன விதிதான் இன்றும் லாரியை ஓட்டுகிறது!

கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

எஞ்சினை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பிறகு பாருங்கள்.

டப்பாவில் எண்ணெய் குறைந்திருந்தால், எங்கோ ஒழுகுகிறது. பெடலுக்கு மேலே, குழாய் இணைப்புகளில், ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறதா? நாலைந்து முறை மிதித்தால் சரியாகிறதா? உள்ளே காற்று புகுந்திருக்கிறது.

எண்ணெய் குறையவில்லை, ஆனால் மிதித்தபடி வைத்திருந்தால் பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறதா? மாஸ்டர் சிலிண்டரின் உள் வாசர் தேய்ந்திருக்கலாம்.

ஒருவர் மிதிக்க, மற்றவர் ஸ்லேவ் சிலிண்டரின் கம்பியைப் பார்க்கட்டும். கம்பி சரியாக நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால், கோளாறு உள்ளே இருக்கிறது. மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பெரிய லாரிகள் பலவற்றில் எண்ணெயோடு காற்றழுத்தமும் உதவும். பெடல் கல்போல் இருந்தால், காற்று மீட்டரைப் பாருங்கள்.

ஏர் எடுப்பது எப்படி?

இது இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை. ஸ்லேவ் சிலிண்டரில் உள்ள நிப்பிளில், உள்ளே இருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் குழாயை மாட்டுங்கள். மறுமுனை, எண்ணெய் உள்ள பாட்டிலில் மூழ்கி இருக்கட்டும்.

ஒருவர் பெடலை மெல்ல மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் நிப்பிளைத் திறக்க வேண்டும். எண்ணெயோடு குமிழிகள் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். குமிழி நிற்கும் வரை இப்படியே செய்யுங்கள். இடையில் டப்பா காலியானால் மறுபடியும் காற்று புகுந்துவிடும். ஜாக்கிரதை!

செய்யக் கூடாதவை

கிடைத்த எண்ணெயை ஊற்றாதீர்கள். பிரேக் ஆயில் ஊற்ற வேண்டிய வண்டியில் எஞ்சின் ஆயிலோ மண்ணெண்ணெயோ பட்டால், ரப்பர் வாசர்கள் உப்பிக் கெட்டுவிடும். டப்பா மூடியில் எழுதியுள்ள ரகத்தையே ஊற்றுங்கள்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நாளடைவில் சிலிண்டருக்குள் துரு பிடிக்கும். மூடி திறந்து கிடந்த பழைய எண்ணெய் வேண்டாம். அது விஷமும்கூட. வீட்டில் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது!

கடலோர வண்டிக்கு இன்னொரு எதிரி உண்டு. அதுதான் உப்பு. உப்புக் காற்றும் மீன் தண்ணீரும் குழாயையும் நிப்பிளையும் அரித்துவிடும். அடிப்பாகத்தை அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிழிந்த ரப்பர் உறையை உடனே மாற்றுங்கள்.

லாரி புறப்பட்டது!

ஆலந்தலை லாரிக்கு வருவோம்.

கிளீனர் பையன் டப்பாவைத் திறந்தான். அடியில் கொஞ்சம் எண்ணெய்தான் இருந்தது. ஸ்லேவ் சிலிண்டர் உறையில் ஈரம். மெக்கானிக் வந்தார். வாசரை மாற்றினார். எண்ணெய் ஊற்றி ஏர் எடுத்தார்.

டிரைவர் கிளட்சை மிதித்தார். கியர் 'டக்' என்று விழுந்தது!

கியர் பாக்ஸை இறக்கவில்லை. மீனும் கெடவில்லை.

காலையில் வண்டியை எடுக்கும் முன் டப்பாவைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம், ஒரு நாள் கூலியைக் காப்பாற்றும்.