துலூஸ் நகரும் விமானக் கைத்தொழிலும்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்திறங்கும் ஸ்ரீலங்கன் விமானங்கள் யாவும் எயார்பஸ் என்னும் ஐரோப்பியக் கம்பனி ஆக்கியவை. அவற்றுள் நெடுந்தூரம் செல்லும் பெரிய ஏ-330 வகை விமானங்கள், பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கிலுள்ள துலூஸ் என்னும் நகரிலே உறுப்புகள் பொருத்தப்பெற்று முழுவடிவம் பெற்றவை. துலூஸ் ஒரு தலைநகரன்று; கடற்றுறையுமன்று. பாரிசுக்குத் தெற்கே ஏறத்தாழ 600 கிலோமீற்றர் தொலைவில், கரோன் நதியின் கரையிலே, வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் சூழ அமைந்த பழைய ஊர் அது. அத்தகைய ஊர் உலகின் விமானக் கைத்தொழிலுக்கு ஒரு தலைமை நிலையமானது எவ்வாறு? பெரியனவும் சிறியனவுமான கம்பனிகள் அங்கே சென்று தொழில் நடத்த விரும்புவது எதனால்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் அந்நகரின் பழைய செல்வத்தைப்பற்றிச் சிறிது கூறவேண்டும். துலூசைச் சுற்றிய நிலத்திலே கல் அரிது, களிமண் மிகுதி. ஆதலின் வீடுகளும் தேவாலயங்களும் செங்கல்லாலேயே கட்டப்பட்டன. இதனால் அதற்கு 'இளஞ்சிவப்பு நகரம்' என்று பெயர். ஆனால் அந்நகரைச் செல்வமுடையதாக்கியது நீலநிறம். பதினைந்தாம், பதினாறாம் நூற்றாண்டுகளில் பாஸ்டல் என்னும் செடியின் இலையிலிருந்து நீலச்சாயம் எடுத்து ஐரோப்பா எங்கும் விற்றனர் துலூஸ் வணிகர். அவர்கள் கட்டிய மாளிகைகள் இன்றும் நிற்கின்றன. பின்னர் உள்நாட்டுச் சமயப்போர் மூண்டது. இந்தியாவிலிருந்து அவுரி நீலம் கப்பலேறி வந்து சந்தையைப் பிடித்தது. ஒரு பொருளையே நம்பியிருந்த வணிகம் நிலைகுலைந்தது. இச்செய்தியை நேயர்கள் மனத்திற்கொள்க. இதனைப் பின்னர் மீண்டும் நினைக்கவேண்டியிருக்கும்.

விமானத்தோடு இப்பகுதிக்கு உள்ள உறவு பழையது. துலூசுக்கு அண்மையிலுள்ள முரே என்ற ஊரிற் பிறந்த கிளெமான் அதேர் என்பவர், 1890 ஆம் ஆண்டில் நீராவி இயந்திரம் பூட்டிய ஒரு பொறியிலேறி, நிலத்தைவிட்டுச் சற்றே எழுந்து ஏறத்தாழ 50 மீற்றர் தூரம் சென்றார். எனினும் கைத்தொழில் அங்கே வேரூன்றியது அவரால் அன்று. முதலாம் உலகப் போரினாலேயே. போர்முனை பிரான்சின் வடக்கிலும் கிழக்கிலும் இருந்தது. பகைவர் கைக்கு எட்டாத தெற்கிலே தொழிற்சாலைகள் வேண்டும் என அரசாங்கம் கருதிற்று. புகையிரதப் பெட்டிகள் செய்துவந்த பியேர்-ஜோர்ஜ் லாத்தேகொயேர் என்னும் தொழிலதிபர், 1917 இல் 1,000 வேவு விமானங்கள் செய்து தரும் ஒப்பந்தத்தைப் பெற்று, துலூசின் புறத்தேயுள்ள மொந்தோத்ரான் என்னும் இடத்தில் தொழிற்சாலை அமைத்தார்.

போர் முடிந்ததும் விமானங்களை வாங்குவார் இல்லை. பிற ஊர்களில் இத்தகைய பட்டறைகள் மூடப்பட்டிருக்கும். லாத்தேகொயேரோ, போருக்கெனச் செய்த விமானங்களில் தபால் ஏற்றிச்செல்லலாம் என எண்ணினார். 1918 டிசெம்பர் 25 ஆம் நாள் முதல் விமானம் துலூசிலிருந்து பார்சலோனாவுக்குப் பறந்தது. அடுத்த ஆண்டில் மொறொக்கோவுக்கும், 1925 இல் ஆபிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள டக்காருக்கும் வழி நீண்டது. 1930 மே மாதத்தில் ஜோன் மெர்மோஸ் என்னும் விமானி தென் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தபாலோடு கடந்து பிரேசிலை அடைந்தார். எழுத்தாளராகப் பின்னர் உலகப்புகழ் பெற்ற சான்-தெக்சுபெரியும் இவ்வழியிலேயே விமானியாகப் பணிபுரிந்தவர்.

இவ்விமானிகளின் வீரத்தைப் பலர் பாடியுள்ளனர். அதனினும் நமக்குப் பயன் தருவது, அவர்களைப் பயிற்றிய முறை. தபால் வழியின் மேலாளராயிருந்த திதியே தோரா, புதிதாகச் சேரும் விமானியை உடனே பறக்க விடமாட்டார். எத்துணைத் திறமை உடையவராயினும், முதலில் பட்டறையிலே இயந்திரங்களைக் கழற்றிக் கழுவித் துடைக்கவேண்டும். தம் உயிரைத் தாங்கும் பொறியை விமானி தம் கைகளால் அறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. விமானங்களோ அடிக்கடி பழுதுற்றன. பழுதுபார்ப்போர் நாடோறும் புதியன கற்றனர். இவ்வாறு இருபது ஆண்டுகளில் துலூசில் திரண்ட பெருஞ் செல்வம், தேர்ந்த கைகளே. எமில் தெவுவாத்தின் முதலிய வேறு விமான அமைப்பாளரும் 1920 முதல் அவ்வூரை நாடி வந்தமைக்கு இதுவே காரணம்.

1936 க்குப் பின் அரசாங்கம் பல விமானத் தொழிற்சாலைகளைத் தன்வயமாக்கிற்று. இரண்டாம் உலகப் போரில், 1944 ஆம் ஆண்டில், துலூஸ் தொழிற்சாலைகள்மீது குண்டுகள் வீழ்ந்தன. கட்டடங்கள் அழிந்தன, தொழிலறிவு அழியவில்லை. பதினொரு ஆண்டுகளுக்குள், 1955 மே 27 ஆம் நாள், கரவெல் என்னும் ஜெற் விமானம் அங்கிருந்து எழுந்தது. பயணிகளுக்கான ஜெற் விமானத்தின் இயந்திரங்களை வாலருகே பொருத்தும் முறையை உலகிற்குக் காட்டியது அதுவே.

இனி, இக்கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். பிரான்சின் கல்வியும் ஆராய்ச்சியும் பாரிசிலேயே குவிந்திருத்தல் தகாது என அந்நாட்டு அரசாங்கம் 1960 களில் துணிந்தது. 1909 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற விமானப் பொறியியல் உயர்கல்லூரி 1968 இல் பாரிசிலிருந்து துலூசுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. விமானிகளையும் வான்வழிக் கட்டுப்பாட்டாளரையும் பயிற்றும் தேசியக் கல்லூரியும் அதே ஆண்டில் அங்குச் சென்றது. விண்வெளி ஆய்வுக்கான தேசிய நிலையமும் தன் பெரிய ஆய்வுக்கூடங்களை அங்கேயே அமைத்தது. துலூஸ் சர்வகலாசாலையோ 1229 ஆம் ஆண்டு முதல் இருந்துவருவது. ஆக, பட்டறையும் பாடசாலையும் ஒன்றுக்கொன்று அயலாயின. விரிவுரை மண்டபத்திற் காலையில் கேட்டதை மாலையில் தொழிற்சாலையிற் காணும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைத்தது. தொழிற்சாலையில் எழுந்த ஐயம் ஆய்வுக்கூடத்திற்குக் கேள்வியாகச் சென்றது.

இதன் பயன் விரைவிலே தெரிந்தது. ஒலியினும் விரைந்து செல்லும் கொங்கோட் விமானம் 1969 மார்ச் 2 ஆம் நாள் துலூசிலேயே முதன்முறை பறந்தது. அது பொறியியலில் ஒரு பெருவெற்றி, வாணிகத்தில் தோல்வி. மொத்தம் 20 விமானங்களே ஆக்கப்பட்டன. அதே 1969 ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரான்சும் ஜேர்மனியும் செய்த உடன்படிக்கையிலிருந்து எழுந்த எயார்பஸ், இதனினும் எளிய நோக்கங் கொண்டது. குறைந்த செலவிற் பல பயணிகளை ஏற்றிச்செல்லும் விமானத்தை ஆக்க விழைந்தது. ஏ-300 என்னும் அதன் முதல் விமானம் 1972 ஒக்டோபர் 28 ஆம் நாள் துலூசில் பறந்தது. 1974 இல் கம்பனியின் தலைமை அலுவலகமும் அங்கே வந்தமைந்தது.

எயார்பஸ் விமானம் ஒரே ஊரில் உருவாவதன்று. இறக்கைகள் பெரும்பாலும் வேல்ஸ் நாட்டிலிருந்தும், உடற்பகுதிகள் ஜேர்மனியின் ஹம்பேர்க்கிலிருந்தும் பிரான்சின் மேற்குக் கரையிலிருந்தும், வாற்பகுதி ஸ்பெயினிலிருந்தும் வருகின்றன. இவற்றைச் சுமப்பதற்கென்றே திமிங்கில வடிவான சரக்கு விமானங்கள் உண்டு. ஏ-380 என்னும் மாபெரும் விமானத்தின் பகுதிகளோ அவற்றினுள்ளும் அடங்கவில்லை. கப்பலிலும் பின்னர் கரோன் நதியிற் படகிலும் வந்த அவற்றை, அதற்கென அகலப்படுத்திய ஏறத்தாழ 240 கிலோமீற்றர் வீதியில், இரவு நேரங்களில், சிற்றூர்களின் வீட்டுச் சுவர்களை உரசாமல் கொண்டுசென்றனர். இத்துணைச் செலவையும் ஏற்றுத் துலூசிலேயே பொருத்தவேண்டும் எனத் துணிந்தார்களெனின், அவ்வூரின் தொழிலறிவுக்கு அவர்கள் இட்ட மதிப்பு விளங்கும்.

கம்பனிகள் துலூசை நாடுவதன் காரணத்தை இனி ஆராய்வோம். வரிச்சலுகை காரணமோ? ஆராய்ச்சிச் செலவுக்குப் பிரான்ஸ் தாராளமான வரிக்கழிவு அளிப்பது உண்மை; 1983 முதல் அவ்வேற்பாடு உண்டு. ஆனால் அச்சலுகை நாடு முழுவதற்கும் பொதுவானது, துலூசுக்கென்று உரியதன்று. மலிவான கூலி காரணமோ? அதுவுமன்று, பிரான்சில் தேர்ந்த தொழிலாளியின் ஊதியம் குறைந்ததன்று. உண்மைக் காரணம் விமானத் தொழிலின் இயல்பிலேயே உள்ளது. ஒரு பெரிய விமானத்திற் பல இலட்சம் உறுப்புகள் உள்ளன. ஒவ்வோர் உறுப்பும் எந்த உலோகத்தால், எவரால், எந்நாளில் ஆக்கப்பட்டது, எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதற்குப் பதிவு இருத்தல் வேண்டும். ஓர் ஆணி தவறினும் உயிர் போகலாம். ஆதலின் இத்தொழிலில் விரைவாகக் கற்றுக்கொண்ட கை பயன்படாது. ஆண்டுக்கணக்கிற் பழகிய கை வேண்டும். புதிதாய்த் தொடங்கும் சிறு கம்பனி அத்தகையோரைத் தானே பயிற்ற நினைத்தால், பயிற்சி முடியுமுன் அதன் முதல் தீர்ந்துவிடும். துலூசிலோ அவர்கள் ஏற்கெனவே வாழ்கின்றனர். சோதனைக்கூடம் அருகில் உண்டு. பொருளை வாங்குவோனும் அதே ஊரில் உள்ளான். 2005 இல் அப்பகுதியின் கம்பனிகள், ஆய்வுக்கூடங்கள், கல்லூரிகள் ஆகியவற்றை ஒரு கூட்டமைப்பாக அரசாங்கம் இணைத்தது. முன்னரே இருந்த உறவுக்கு அது சட்டவடிவம் கொடுத்தது எனலாம்.

எனினும் இந்த ஈர்ப்பிலேயே ஓர் அபாயமும் உண்டு. ஊரார் பலர் ஒரே தொழிலால் வாழும்போது, அத்தொழில் தும்மினால் ஊருக்குக் காய்ச்சல் வரும். 2020 இல் கொரோனாப் பெருந்தொற்றினால் விமானங்கள் நிலத்தில் நின்றன. எயார்பஸ் தன் உற்பத்தியை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது; உலகெங்கும் ஏறத்தாழ 15,000 வேலைகளையும், அவற்றுள் பிரான்சில் ஏறத்தாழ 5,000 வேலைகளையும் நீக்கப்போவதாக அறிவித்தது. பழைய நீலச்சாய வணிகத்தின் கதி மீண்டும் வருமோ எனத் துலூஸ் மக்கள் அஞ்சினர்.

அப்பொழுது எடுக்கப்பட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. அரசாங்கம் 15 பில்லியன் யூரோ உதவித் திட்டத்தை அறிவித்தது. வேலை குறைந்த மணித்தியாலங்களுக்குரிய ஊதியத்தின் பெரும்பகுதியைப் பொதுநிதி தாங்கியது. தொழிற்சங்கங்களும் கம்பனியும் பேசி, பிரான்சிற் கட்டாய வேலைநீக்கத்தைத் தவிர்த்தன. இஃது இரக்கத்தால் மட்டும் செய்ததன்று. கட்டடத்தைப் பூட்டிவைத்துப் பின்னர் திறக்கலாம்; தேர்ந்த தொழிலாளரைக் கலைத்துவிட்டால் மீண்டும் கூட்ட ஒரு தலைமுறை செல்லும். ஏ-380 விமானத்தின் உற்பத்தி 2021 இல் நின்றுபோயிற்று; எனினும் அதனைப் பொருத்திய மண்டபம் வெறுமையாகக் கிடக்கவில்லை. 2023 முதல் ஏ-321 என்னும் சிறிய விமானங்கள் அங்கே பொருத்தப்படுகின்றன. மண்டபம் மாறிற்று, விமானமும் மாறிற்று, அவற்றை ஆக்கும் அறிவு ஊரைவிட்டுப் போகவில்லை.

துலூஸ் முன்பு விற்றது ஒரு செடியின் சாயம். அதனை வேறொரு நாட்டின் செடி வென்றுவிட்டது. இன்று அது விற்பது தொழிலறிவை. அறிவும் அழிவற்றதன்று, ஒரே தொழிலோடு தன்னைப் பிணித்துக்கொண்டால் அதற்கும் இடையூறு நேரும். ஆயினும் சாயம் தீர்ந்தால் வேறு சாயமாகாது. தொழிலறிவோ ஒன்று தளர்ந்தால் மற்றொன்றாக மாறவல்லது. அவ்வூரில் விமானத்தோடு செய்ம்மதித் தொழிலும் வளர்ந்திருப்பது இதற்குச் சான்று. கைத்தொழிலை அழைக்க விரும்பும் நாட்டார் முதலில் நிலத்தை அளக்கின்றனர், வரியைக் குறைக்கின்றனர், வீதியை அமைக்கின்றனர். இவையும் வேண்டியனவே. ஆனால் இவற்றை இரண்டு மூன்று ஆண்டுகளில் எந்நாடும் செய்துவிடலாம். இவற்றுக்காக வந்தவர் இதனினும் மலிவான இடம் கண்டதும் சென்றுவிடுவர். பட்டறையும் பாடசாலையும் ஐம்பது ஆண்டுக்காலம் சேர்ந்து உழைத்த ஊரைவிட்டுச் செல்லுதல் எளிதன்று.