அம்மாவை உட்கார வைத்தேன்... எலும்பு மெலிந்தது!

என் அம்மாவுக்கு வயது 63. அப்பா தவறிய பிறகு நான்கு வருடமாக எங்களோடுதான் இருக்கிறார். "காலமெல்லாம் உழைச்சது போதும்மா, நீ பேசாம உட்காரு" என்று சொல்லி, துணி துவைப்பது, கடைக்குப் போவது, மாடியேறி வடகம் காய வைப்பது எல்லாவற்றையும் நானே செய்துவிடுவேன். அம்மாவுக்கு தினம் இரண்டு டம்ளர் பால், கேழ்வரகுக் கஞ்சி, டி.வி. பெற்றவளை நன்றாகப் பார்த்துக் கொள்கிறோம் என்று எனக்குள் ஒரு பெருமை!

போன ஆடி மாதம் குளியலறை வாசலில் கால் வழுக்கி, கையை ஊன்றினார். அவ்வளவுதான், மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. எலும்பு அடர்த்தி ஸ்கேன் பார்த்த டாக்டர், "எலும்பு ரொம்ப மெலிஞ்சிருக்கு" என்றார். பாலும் கேழ்வரகும் சாப்பிட்டுமா இப்படி என்று எனக்கு ஒரே குழப்பம்.

மாவுக்கட்டு பிரித்தபின் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் பெண்தான் விளக்கினார். "பாலும் கேழ்வரகும் செங்கல், சிமென்ட் மாதிரிக்கா. வாசல்ல வந்து இறங்கினா மட்டும் சுவர் எழும்பிடுமா? கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பணும். அந்தச் சேதியை அனுப்புறது தசைதான்" என்றார்.

தசை வேலை செய்யும்போது எலும்பைப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்பே எலும்புக்கு ஒரு தூண்டுதல். அதோடு ரத்தத்தில் சில ஹார்மோன்களையும் கலக்கிறதாம். அதில் ஒன்று ஐரிசின். 2012ல் அமெரிக்க விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்து, கிரேக்கக் கதைகளில் தூது போகும் தேவதையான ஐரிஸின் பெயரையே வைத்தார்கள். 2015ல் இத்தாலியில் எலிகளுக்கு வாரம் ஒருமுறை கொஞ்சமாக ஐரிசின் ஊசி போட்டதில் எலும்பு கனத்தது. ஆனால் 2018ல் நடந்த இன்னொரு எலி ஆய்வில், அதே ஐரிசின் எலும்பைக் கரைக்கும் வேலையையும் தூண்டுவது தெரிந்தது.

"அதனால ஐரிசின் பவுடர், மாத்திரைன்னு யாராவது விற்றா வாங்கிடாதீங்க. ஆராய்ச்சி இன்னும் முடியலை. ஆனா தசைக்கு வேலை கொடுத்தா எலும்புக்கு நல்லதுங்கறதுல சந்தேகமே இல்லை" என்றார் அந்தப் பெண். விண்வெளியில் மிதக்கும் வீரர்கள் உடற்பயிற்சி செய்யாவிட்டால், உடலைத் தாங்கும் எலும்புகளின் அடர்த்தி மாதம் 1 முதல் 1.5 சதவீதம் வரை குறையுமாம். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. பாசம் என்ற பெயரில் அம்மாவை நாற்காலியிலேயே மிதக்க வைத்திருக்கிறேனே!

"நமக்கென்ன, நாள் முழுக்க வீட்டு வேலைதானே" என்று நினைக்காதீர்கள் தோழிகளே. நானும் அப்படித்தான் நினைத்தேன். தினமும் அதே வேலை, அதே பாரம் என்றால் எலும்புக்கு அது பழகிப் போய்விடும். கொஞ்சம் கூடுதல் பாரம் கொடுத்தால்தான் சேதி போகும். முப்பது வயதையொட்டி எலும்பு தன் முழு பலத்தை எட்டிவிடும். பிறகு இருப்பதைக் காப்பாற்றுவதுதான். மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு வேகமாக மெலியும். அதற்கு முன்பே முந்திக் கொள்ள வேண்டும்.

அதற்காக மிக்ஸியைத் தூக்கிப் போட்டுவிட்டு அம்மிக்குப் போக வேண்டாம். கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை, சுவரைப் பிடித்துக் கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது 10 தடவை, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கொன்றாகத் தூக்கி இறக்குவது 10 தடவை. இதை வாரம் இரண்டு மூன்று நாள் செய்கிறேன். மற்ற நாட்களில் வேகமான நடை. ஏற்கெனவே எலும்பு மெலிந்தவர்கள் குதிக்கவோ, குனிந்து பாரம் தூக்கவோ கூடாது. டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

அம்மாவும் மாத்திரைகளை விடாமல், சொல்லிக் கொடுத்த பயிற்சிகளைச் செய்கிறார். ஆரம்பத்தில், "இந்த வயசுல எனக்கு டிரில்லாடி?" என்று சிரித்தார். போன வாரம் நான் காய்கறிப் பையைத் தூக்கப் போக, "விடுடி, நான் கொண்டு வரேன்" என்று பாதியைப் பிரித்து வாங்கிக் கொண்டார். பழைய நானாக இருந்தால் பிடுங்கியிருப்பேன். பேசாமல் பக்கத்தில் நடந்து வந்தேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் உட்கார வைத்தே பார்த்துக் கொள்ளாதீர்கள் சகோதரிகளே!

- ஒரு வாசகி, மன்னார்குடி.