மீண்ட மணிக்கூடு

ஐக்கிய அமெரிக்காவின் டெற்றோயிற் நகரிலே 1913ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது மிச்சிகன் மத்திய புகையிரத நிலையம். 1988இல் இறுதி வண்டி புறப்பட்டபின் அது கேட்பாரற்றுக் கிடந்தது. செம்பையும் மணிக்கூட்டையும் கள்வர் கவர்ந்தனர், மழைநீர் உட்புகுந்தது. 2009இல் நகரசபையே அதனை இடித்துவிடத் தீர்மானித்தது. அத்தீர்மானம் நிறைவேறாமற் போனது நற்பேறே.

2018இல் போட் மோட்டார் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. புதுவகைப் போக்குவரத்துக் கருவிகளை ஆராய்வோர்க்கு அதனை ஒரு களமாக்குவதே நோக்கம். ஆயினும், கணினி வல்லார் வருமுன்னர்க் கற்றச்சரன்றோ வரவேண்டியிருந்தது! தக்க சுண்ணக்கல்லை வேண்டி, இந்தியானா மாநிலத்தில் நெடுநாள் மூடிக்கிடந்த கல்லகழியொன்றை மீளத் திறந்தனர்.

அயலில் நின்ற பாடநூற் பண்டசாலையின் கதை ஆசிரியராகிய எம் நெஞ்சை வருத்துவது. 1987இல் அது தீப்பற்றியபின் மாணவர்க்குரிய நூல்கள் அங்கேயே மட்கிக் கிடந்தன. 2023இல் அக்கட்டடமே புதுத்தொழில் தொடங்குவோரின் பணிமனையாயிற்று.

நிலையம் 2024 யூன் மாதத்திலே திறக்கப்பட்டது. அதற்கு ஆறாண்டு முன், போட் நிறுவனம் வாங்கிய செய்தி பரவிய சின்னாளில், பெயர் கூறாத ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். முன்னாளிற் களவுபோன மணிக்கூட்டை ஒரு பாழ்ங்கட்டடத்திற் சாத்திவைத்திருப்பதாக அறிவித்தார். ஆட்கள் விரைந்து சென்றனர். மணிக்கூடு அங்கே இருந்தது.