ஒலி நின்ற இடம் எது?

கணினியில் ஆடும் விளையாட்டு கண்ணுக்கு மட்டும் உரியதன்று, காதுக்கும் உரியது. மட்டையில் பந்து படும் ஓசை, வளைவில் திரும்பும் வண்டியின் இரைச்சல், பின்னால் நெருங்கி வரும் எதிரியின் காலடி ஓசை ஆகியவை இல்லாவிடில் விளையாட்டின் பாதிச் சுவை போய்விடும். ஒருநாள் படம் மட்டும் தோன்றி ஒலி எழாமற்போனால் பலர் என்ன செய்கின்றனர்? கையில் அகப்பட்ட பொத்தான்களையெல்லாம் அழுத்துகின்றனர். கம்பிகளைப் பிடுங்கிச் செருகுகின்றனர். இறுதியில், “ஒலிபெருக்கி கெட்டுவிட்டது” என்று தீர்ப்புக் கூறிப் புதியதொன்றை வாங்கி வருகின்றனர். புதியதும் ஒலிக்காதபோதுதான் பழையதன்மேல் குற்றமில்லை என்பது விளங்குகிறது. குறை இருக்கும் இடத்தை அறியாமல் செய்யும் திருத்தம் வீண்செலவே ஆகும். அவ்விடத்தை அறிவதற்கு எளிய முறை ஒன்று உண்டு.

சென்னைக் கடற்கரை நிலையத்திற்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் வண்டிகள் 1931ஆம் ஆண்டு முதல் ஓடி வருகின்றன. இரு முனைகளையும் சேர்த்து இவ்வழியில் இன்று 18 நிலையங்கள் உள்ளன. கடற்கரையிலிருந்து புறப்பட்ட வண்டி தாம்பரம் வந்து சேரவில்லை என்று கொள்வோம். அது 17 இடைவெளிகளுள் ஏதோ ஒன்றில் நின்றிருக்க வேண்டும். ஒவ்வொரு நிலையமாக வினவிக்கொண்டே போனால் பதினாறு முறை வரை வினவ நேரலாம். அறிவுடையவர் முதலில் நடுவிலுள்ள கிண்டியை வினவுவார். “வண்டி இங்கே கடந்து சென்றது” என்று விடை வந்தால், கடற்கரை முதல் கிண்டி வரையுள்ள பாதையைப் பற்றிய கவலை ஒழிந்தது. அடுத்துத் திரிசூலத்தை வினவுவார். இவ்வாறு பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு சென்றால், ஐந்து வினாக்களுக்குள் வண்டி நின்ற இடம் தெரிந்துவிடும். ஒலியைத் தேடுவதற்கும் இதுவே வழி.

முதலில் ஒலி செல்லும் பாதையை அறிந்துகொள்வோம். கணினிக்குள் ஒலி எண்களாகவே இருக்கிறது. காற்றின் அதிர்வை ஒரு நொடியில் 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறிப்பது பெருவழக்கு. விளையாட்டு நிரல் அவ்வெண்களை இயக்க முறைமையிடம் கொடுக்கிறது. அது மற்றச் செயலிகளின் ஒலிகளையும் அவற்றோடு கலந்து, எந்த வாயில் வழியாக வெளியே அனுப்புவது என்று முடிவு செய்கிறது. பின்னர் இயக்கி என்னும் மென்பொருள் அவ்வெண்களை ஒலிச்சுற்றிடம் சேர்க்கிறது. ஒலிச்சுற்று எண்களை மின்னலைகளாக மாற்றுகிறது. அவ்வலைகள் வலுவூட்டப்பெற்றுக் கம்பி வழியே ஒலிபெருக்கியை அடைகின்றன. அங்கே காந்தத்தின் நடுவிலுள்ள கம்பிச்சுருள் அசைய, அதனோடு ஒட்டிய கூம்பு அதிர்ந்து காற்றை அசைக்கிறது. அவ்வசைவே நம் செவியை வந்தடைகிறது.

இப்பாதையின் நடுவே நாம் கேட்க வேண்டிய முதல் வினா இது: இதே கணினியில், இதே ஒலிபெருக்கியில், ஒரு பாட்டு கேட்கிறதா? கேட்டால், இயக்கி முதல் ஒலிபெருக்கி வரை யாவும் நலமே என்பது பெரும்பாலும் உறுதி. குறை விளையாட்டிலோ, விளையாட்டுக்கென இயக்க முறைமையில் வைத்த அமைப்பிலோதான் இருக்கும். பாட்டும் கேட்கவில்லையெனில், அந்த ஒலிபெருக்கியை ஒரு கைப்பேசியில் இணைத்துப் பார்க்க வேண்டும். அங்கே ஒலித்தால் ஒலிபெருக்கியும் அதன் கம்பியும் குற்றமற்றவை. குறை கணினியின் பக்கமே உள்ளது. இவ்விரு சோதனைகளுக்கும் ஒரு காசும் செலவில்லை.

குறை விளையாட்டின் பக்கம் இருப்பின், விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் ஒலியளவு சுழியத்தில் உள்ளதா என்று நோக்குக. இசைக்கும் உரையாடலுக்கும் பிற ஓசைகளுக்கும் தனித்தனி அளவுகள் அங்கே இருப்பதுண்டு. இயக்க முறைமையும் ஒவ்வொரு செயலிக்கும் தனி ஒலியளவு வைத்திருக்கிறது. அங்கே இவ்விளையாட்டின் வாய் மட்டும் அடைக்கப்பட்டிருக்கலாம். ஒலி வேறு வாயில் வழியே சென்றுகொண்டிருப்பதும் உண்டு. கணினியோடு தொலைக்காட்சியை இணைத்திருந்தால் ஒலி அதற்குச் செல்லும். அடுத்த அறையில் கிடக்கும் புளூடூத் ஹெட்போன் ஒலியைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். சில விளையாட்டுகள், தொடங்கும் வேளையில் இருந்த வாயிலையே இறுதி வரை பற்றிக்கொள்ளும். ஆட்டத்தின் நடுவே ஹெட்போனைச் செருகினால் அவை அறியா. அத்தகையவற்றை மூடி மீண்டும் திறத்தலே மருந்து.

குறை கருவியின் பக்கம் இருப்பின், செருகி முழுவதும் உட்சென்றுள்ளதா என்று முதலில் காண்க. மேசைக் கணினியின் பின்புறத்தில் பச்சை நிறத் துளை ஒலி வெளியே செல்வதற்கும், இளஞ்சிவப்பு நிறத் துளை ஒலிவாங்கிக்கும் உரியவை. மாற்றிச் செருகினால் ஒலி எழாது. தாம்பரம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பெய்யும். அக்காலத்து ஈரம் செருகியின் உலோகத்தில் களிம்பேற்றும். மின்னிணைப்பை நீக்கிவிட்டு உலர்ந்த துணியால் துடைத்தாலே சில வேளைகளில் ஒலி மீளும்.

உறுப்புகள் யாவும் நலமாக இருந்தும் ஒலி எழாமற்போவதுண்டு. இதற்குப் பழைய வரலாறு ஒன்று சான்றாகும். 1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். தனிக்கணினியில், “பீப்” என்று ஒலிக்கும் சிறு ஒலிபெருக்கி மட்டுமே இருந்தது. 1989ஆம் ஆண்டு சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ என்னும் ஒலியட்டையை வெளியிட்டது. ஒலியட்டை கணினியின் கவனத்தை அழைப்பதற்கு ஓர் அழைப்பெண் வேண்டும். தொடக்கக் காலத்து அட்டைகளுக்கு 7 என்னும் எண் இடப்பட்டிருந்தது. அச்சுப்பொறியின் இணைப்புக்கும் பெரும்பாலும் அதே எண். இரண்டும் ஒரே பெயரால் அழைத்தால் குழப்பம் விளையாதோ? ஆதலால் அட்டையின் எண்ணை 5 என மாற்றி, அதனை விளையாட்டுக்கும் தெரிவிக்க வேண்டியிருந்தது. அட்டையும் கெடவில்லை; விளையாட்டும் கெடவில்லை; அவற்றிடையே உடன்பாடுதான் இல்லை.

ஒலி எழுந்தும் தடுமாறுவது மற்றொரு குறை. நம் வீட்டு மாடியிலுள்ள நீர்த்தொட்டியை நினைவு கூர்க. கீழேயிருந்து நீர் விட்டுவிட்டு ஏறினாலும் குழாயில் சீராக வருவது தொட்டியில் இருப்பு உள்ளதால்தான். கணினியும் ஒலியெண்களைச் சிறு தொட்டி போன்ற நினைவகப் பகுதியில் சேர்த்து வைத்துச் சீராக வெளிவிடுகிறது. அதில் 480 எண்கள் இருந்தால் நூறில் ஒரு பங்கு நொடிக்குப் போதும். கணினி வேறு வேலைகளில் மூழ்கி, அதற்குள் தொட்டியை நிரப்பத் தவறினால் “படபட” என்னும் வெடிப்பொலி தோன்றும். தேவையற்ற செயலிகளை மூடுவது முதல் மருந்து. தொட்டியைப் பெரிதாக்கலாம் எனின், ஒலி வந்து சேரக் காலம் தாழ்க்கும். சில புளூடூத் ஹெட்போன்களில் இத்தாழ்வு ஐந்தில் ஒரு பங்கு நொடி வரை நீள்வதுண்டு. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஆகவே, கண்ணெதிரே அடித்த பந்தின் ஓசை 68 மீட்டருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் தோன்றும். கம்பியுள்ள ஹெட்போனில் இக்குறை பெரும்பாலும் இல்லை.

ஓயாத “ம்ம்ம்” என்னும் இரைச்சல் கேட்டால் மின்வழியை ஐயுறலாம். நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் உடையது; நில இணைப்பு சரியாக இல்லையெனில் அதன் ஓசை ஒலிபெருக்கியில் புகும். மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் ஐயம் உறுதிப்படும். ஆயினும் நில இணைப்புக்குரிய தடித்த முள்ளை ஒருபோதும் நீக்கலாகாது. அது உயிர்காக்கும் முள். இவ்வேலையை மின்பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

எச்சோதனையிலும் ஒரு வேளையில் ஒன்றையே மாற்ற வேண்டும். மாற்றியதையும் விளைந்ததையும் ஏட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றியபின் ஒலி எழுந்தால், எது மருந்தாயிற்று என்று யாரால் கூற இயலும்? குரோம்பேட்டையில் சி. இராஜம் அவர்கள் 1949ஆம் ஆண்டு நிறுவிய எம்.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கல்லூரி, மின்னணுவியலைத் தொடக்கத்திலேயே பாடமாக ஏற்றது. அங்கே மின்னணுவியல் பயின்ற எழுத்தாளர் சுஜாதா, பின்னாளில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் பங்கு கொண்டார். பெரிய கருவிகளைச் செய்வோர்க்கும் சிறிய ஒலிபெருக்கியை ஆராயும் மாணவனுக்கும் முறை ஒன்றே.

இம்முறையால் மிஞ்சுவது பணம் மட்டுமன்று. கெடாத கருவியைக் கெட்டதென எறிந்தால் அது எங்கே செல்கிறது? தென்சென்னையின் குப்பை பல ஆண்டுகள் பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் மலைபோல் குவிக்கப்பட்டது. அச்சதுப்பு நிலமோ 2022ஆம் ஆண்டு பன்னாட்டுச் சிறப்புடைய ராம்சர் நிலங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பெற்றது. பறவைகள் பல வந்து தங்கும் இடம். மின்கருவிகளிலுள்ள ஈயம் போன்ற நஞ்சுகள் அத்தகைய நீரில் கலத்தல் தகுமோ?

இறுதியாக ஒன்று. ஒலிப்பாதையின் கடைசி நிலையம் நம் செவி. மீனம்பாக்கத்திலிருந்து விமானம் எழும்போது பல்லாவரத்து வீடுகளில் ஆட்டத்தின் ஓசை அமுங்கிவிடும். அதனை வெல்ல எண்ணி ஒலியைக் கூட்டுவோர், விமானம் போனபின் குறைக்க மறந்துவிடுகின்றனர். 80 டெசிபல் அளவுள்ள ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரத்திற்கு மேல் கேட்டல் கேடு என்று உலக நலவாழ்வு நிறுவனம் எச்சரிக்கிறது. உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. செருகி பழுதானால் மாற்றலாம். ஒலியட்டை பழுதானால் மாற்றலாம். அந்த உயிரணுக்களுக்கு மாற்று எக்கடையிலும் இல்லை. ஆதலால் ஒலி நின்றபோது அது நின்ற இடத்தை அறிவால் தேடுவோம். ஒலி மீண்டபோது அதனை அளவோடு கேட்போம்.