கன்னம் ஓயாமல் எரிகிறதா? அது பருவாக இல்லாமலும் இருக்கலாம்

முகத்தில் எது தடித்தாலும் மலாக்காவின் பாயா ரும்புட், செங், புக்கிட் ரம்பாய் பக்கம் நம்மவர்கள் சொல்லும் காரணம் இரண்டுதான்: பரு, இல்லாவிட்டால் உடற்சூடு. முப்பது வயதுக்குமேல் கன்னம், மூக்கு, நெற்றி, முகவாய் எல்லாம் மாதக்கணக்கில் எரிந்து தடித்துக்கொண்டே இருந்தால், அது ரோசேசியா என்னும் நாள்பட்ட தோல் அழற்சியாக இருக்கலாம்.

வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் என்றே இதை நெடுங்காலம் கருதி வந்தார்கள். பளிச்சென்ற சிவப்பு வெளிர்தோலில்தான் தெரியும். மாநிறத்தில் அது மங்கிய செம்பழுப்பாகத் தங்கிவிடும். பார்ப்பவர்கள் “முகம் கறுத்துப்போச்சு” என்பார்கள். ஆகவே நிறத்தைவிட உணர்வைக் கவனியுங்கள். சூடான தே தாரிக் குடித்ததும், அடுப்படியில் சம்பல் வதக்கும்போதும், செம்பனைத் தோட்டத்து வெயிலில் நின்றதும் முகத்தில் குப்பென்று சூடு ஏறுகிறதா? சோப்பு பட்டாலே காந்துகிறதா? பருவில் காணும் கருமுனைகள் ரோசேசியாக் கொப்புளங்களில் இருக்காது. கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் அடிக்கடி வரும் கண்கட்டியும் இதன் அடையாளங்களே. நோய் கண்ணைத் தொட்டுவிட்டால் மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது.

கன்னச் சிவப்போடு மூட்டுவலி, காய்ச்சல், வாய்ப்புண் சேர்ந்தால் அது லூபஸாக இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை தேவை.

எனக்குப் பெரிய கவலை, பாசார் மாலாமிலும் இணையத்திலும் விற்கும் வெளுப்பு கிரீம்கள்தான். சிலவற்றில் பீட்டாமெத்தசோன் என்னும் ஸ்டெராய்டு கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, மலேசியாவின் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு முகமை அவற்றுக்குத் தடை விதித்து வருகிறது. பூசிய சில நாளிலேயே எரிச்சல் அடங்கி முகம் பளபளப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மாதங்கள் போனால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரியும். கிரீமை நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கொப்புளிக்கும். பயந்து மறுபடி பூசுவார்கள். இந்தியாவில் இந்தப் பாதிப்பு மிகுந்ததால்தான், ஸ்டெராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்க 2018இல் கட்டுப்பாடு வந்தது. நெடுநாள் பூசியவர்கள் மருத்துவரிடம் சொல்லி, அவர் காட்டும் வழியில் நிறுத்துவதே நல்லது.

ரோசேசியா அடியோடு போகாது, ஆனால் அடங்கும். மெட்ரோனிடசோல், அசிலாயிக் அமிலம், 1 சதவீத ஐவர்மெக்டின் களிம்புகள் உண்டு. கடுமையாக இருந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரை தருவார்கள். கர்ப்பிணிகளுக்கு அது ஆகாது. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் பிடிக்கும். பாதியில் கைவிடுபவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள்.

மருந்தைப் போலவே முக்கியமானது வெயில் காப்பு. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, துத்தநாக ஆக்சைடு கலந்த கிரீம் பெரும்பாலும் எரிச்சல் தராது. அகல விளிம்புத் தொப்பியும் வேண்டும். காரம், மது, கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது ஆகியவற்றில் எது உங்களைச் சீண்டுகிறது என்று குறித்து வைத்து, அதை மட்டும் விலக்கினால் போதும். குழம்பையே துறக்க வேண்டியதில்லை.

முதலில் அரசு சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்தே தோல் நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். நிபுணரைப் பார்க்கும் நாளில் முகம் அடங்கியிருக்கக்கூடும். அதனால் எரியும் நாளிலேயே வெளிச்சத்தில் நின்று கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். இதுவரை பூசிய டப்பாக்களையும், பெயரில்லாதவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.