புல்வெட்டி எஞ்சினுக்கு மரணத் தீர்ப்பு எழுதும் முன்

அமெரிக்கப் புறநகர் வீடுகளில் குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் கிடக்கும் புல்வெட்டி வண்டிகளை ஏப்ரல் வாக்கில் வெளியே தள்ளிவந்து சாவி போடுவார்கள். உட்கார்ந்து ஓட்டும் ரகம் அது. முன் மூடிக்குள் பெட்ரோல் எஞ்சின், வண்டியின் வயிற்றுக்கடியில் சுழலும் கத்திகள், நடுவே பெல்ட். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் அரைச் சுற்று சுற்றி, முக்கி, அப்படியே நின்றுவிடுவது இவற்றில் வெகு சாதாரணமான கோளாறு. பேட்டரியை மாற்றுவார்கள், தீராது. ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றுவார்கள், அப்போதும் தீராது. அடுத்து வருவது 'எஞ்சின் போச்சு' என்ற தீர்ப்பு. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் நிறுவனத்தின் ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் இந்த முக்கலுக்குப் பல வேளைகளில் காரணம், வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே விரிந்துபோன டேப்பெட் இடைவெளிதான். அது இருக்க வேண்டிய அளவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. ஃபீலர் கேஜும் ஸ்பானரும் வைத்துச் சரிசெய்கிற வேலைக்கு ஒரு முழு எஞ்சினே பலியாகிறது. இந்தச் சிறு எஞ்சின்களைப் பொறுத்தவரை, மாற்றுவதா வேண்டாமா என்ற முடிவு அளந்து பார்ப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது என்பதுதான் என் குற்றச்சாட்டு.

இத்தனை சின்ன இடைவெளி எப்படி ஓர் எஞ்சினையே கட்டிப்போடும்? ஏறத்தாழ 500 சிசி கொள்ளளவுள்ள சிலிண்டரில் பிஸ்டன் மேலேறும்போது, உள்ளே இருக்கும் காற்று ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. ஒரு சின்ன 12 வோல்ட் ஸ்டார்ட்டரால் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ள முடியாது. அதனால் கேம் ஷாஃப்டிலேயே ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள். நெருக்கும் கட்டத்தில் ஒரு வால்வை ஒரு நொடிக்கும் குறைவான நேரம் லேசாகத் தூக்கி, அழுத்தத்தில் கொஞ்சத்தை வெளியேவிடும் சிறு புடைப்பு அது. சில எஞ்சின்களில் வேகம் பிடித்ததும் ஒதுங்கிக்கொள்ளும் நெம்பாக அமைந்திருக்கும். அது தூக்கும் உயரமே மிகக் குறைவு. டேப்பெட் இடைவெளி விரிந்தால், வால்வைத் தொடுவதற்குள்ளேயே அந்த உயரம் தீர்ந்துவிடுகிறது. வால்வு அசைவதே இல்லை. ஸ்டார்ட்டர் முழு அழுத்தத்தோடு மல்லுக்கட்டித் தோற்கிறது. பிரிக்ஸின் இன்டெக் வரிசை ஒற்றை சிலிண்டரில் உள்ளிழுக்கும் வால்வுக்கு 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை, புகைபோக்கும் வால்வுக்கு 0.13 முதல் 0.18 வரை விட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், எஞ்சின் முக்குவதற்குக் காரணம் கம்ப்ரஷன் நன்றாக இருப்பதுதான்.

இதே தந்திரம் இன்னொரு தவறான தீர்ப்புக்கும் வழிவிடுகிறது. கார், பைக் மெக்கானிக்குகள் பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜைத் திருகி எஞ்சினின் உடல்நிலையைச் சொல்வது வழக்கம். இங்கே அது பொய் சொல்லும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அழுத்தத்தை வேண்டுமென்றே வெளியேவிடும் எஞ்சினில் கேஜ் குறைத்துத்தான் காட்டும். ரிங் தேய்ந்துவிட்டது, சிலிண்டர் போர் போய்விட்டது என்று எழுதிவிட வசதியாக இருக்கும். நம்பத்தக்கது கசிவுச் சோதனை. பிஸ்டனை நெருக்கும் கட்டத்தின் உச்சியில் நிறுத்தி, இரண்டு வால்வும் மூடியிருக்க, பிளக் துளை வழியே கம்ப்ரஸர் காற்றை ஏற்றிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். கார்புரேட்டரில் சீறினால் உள்ளிழுக்கும் வால்வு. சைலன்ஸரில் சீறினால் புகைபோக்கும் வால்வு. ஆயில் குச்சித் துளையில் சீறினால் ரிங். ஆனால் அந்தக் கடைசி வழியில் ஒரு பொறி இருக்கிறது. சிலிண்டருக்கும் புஷ் ராட் ஏறிவரும் குழிக்கும் நடுவே ஹெட் கேஸ்கட்டின் விளிம்பு குறுகலானது. அந்த இடத்தில் கேஸ்கட் ஊதிக்கொண்டால் சிலிண்டர் வாயு நேராக ஆயில் அறைக்குப் போய், ஆயிலைக் கார்புரேட்டருக்குத் தள்ளி, நீலப் புகையைக் கக்க வைக்கும். தேய்ந்த ரிங்குக்கும் அதே அறிகுறிகள்தான். ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் இரண்டையும் பிரித்துச் சொல்ல இயலாது. கேஸ்கட்டின் விலை எஞ்சின் விலையில் ஒரு சிறு துணுக்கு.

பெட்ரோல், கரண்டு சம்பந்தப்பட்ட கோளாறுகள் இதைவிட எளியவை. அமெரிக்கப் பெட்ரோலில் பத்து விழுக்காடு எத்தனால் கலந்திருப்பது வழக்கம். அது ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டரின் நுண்துளைகளில் பிசின் படியும். காற்றுவழியில் கொஞ்சம் பெட்ரோலைத் தெளித்ததும் இரண்டு நொடி ஓடி அணைகிற எஞ்சின் உயிரோடுதான் இருக்கிறது, பசியில் இருக்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள சோலனாய்டு 'டிக்' என்று திறக்காவிட்டாலும் இதே கதை. இருக்கைக்கு அடியில் ஒன்று, பிரேக்கில் ஒன்று, கத்தி இயக்கும் இடத்தில் ஒன்று என்று பாதுகாப்பு சுவிட்சுகள் உண்டு. எது பழுதானாலும் எஞ்சின் கிளம்பாது, எஞ்சினில் ஒரு குறையும் இருக்காது.

அளப்பதற்கு முன்னால், எதை அளக்கிறோம் என்று தெரிய வேண்டும். வண்டியின் நிறமோ மூடியில் ஒட்டிய பெயரோ இதற்கு உதவாது. ஜான் டீரின் பச்சை வண்டிக்குள்ளும் கிராஃப்ட்ஸ்மேன் வண்டிக்குள்ளும் பிரிக்ஸோ கோலரோ கவாசாகியோ இருக்கலாம். எஞ்சினின் அடையாளம் ஊதுகூட்டிலோ வால்வு மூடியிலோ பொறித்த எண்களில் இருக்கிறது. பிரிக்ஸில் மாடல், டைப், கோடு என்று மூன்று. மாடலின் முதல் இரண்டு இலக்கம் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்லும்: 31 என்று தொடங்கினால் 31 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 500 சிசி. கோடு என்பது பிறந்த தேதி. 050412 என்று தொடங்கினால் 2005 ஏப்ரல் 12. கோலரில் உதிரிபாகம் வாங்க மாடல் பெயர் போதாது, ஸ்பெக் எண் வேண்டும். புகைச்சான்று ஒட்டியையும் படிக்கலாம். 225 சிசிக்கு மேற்பட்ட எஞ்சினில் C என்றிருந்தால் 250 மணி நேரம், B என்றால் 500, A என்றால் 1,000 வரை புகை அளவுக்குள் நிற்கும்படி செய்தது என்று பொருள். மலிவு எஞ்சினைப் பிழைக்கவைப்பதா வேண்டாமா என்று யோசிப்பவருக்கு விளம்பர வாசகங்களைவிட அந்த ஒற்றை எழுத்து அதிகம் சொல்லும்.

கூலியைக் கணக்கிட்டால் புது எஞ்சினே மேல் என்பார்கள். கனெக்டிங் ராட் முறிந்து எஞ்சின் உடம்பில் ஓட்டை போட்டிருந்தால் அது சரிதான். அதில் எனக்கு வாதமே இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் கண்டறியும் கூலியையும் பழுதுபார்க்கும் கூலியையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். டேப்பெட் அளப்பதும் காற்றேற்றிக் கேட்பதும் கைதேர்ந்தவருக்கு நீண்ட வேலையே இல்லை. போதாததற்கு, பழையதைக் கொன்ற காரணம் வண்டியிலேயே இருந்தால் புதியதையும் அது கொல்லும். இவை காற்றால் குளிர்பவை. ஊதுகூட்டுக்கு அடியில் புல் தூள் அடைத்தால் சூடேறும், கேஸ்கட் போகும். பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிப்போட்டு பேட்டரி வண்டிக்கு மாறலாமே என்பது இதைவிடக் கனமான எதிர்வாதம். கலிஃபோர்னியா 2021இல் சட்டம் இயற்றி, 2024இலிருந்து இத்தகைய சிறு எஞ்சின்களின் புது விற்பனையை ஒழிக்கப் புறப்பட்டதும் அந்தத் திசையில்தான். ஆனால் அது ஏற்கெனவே வீட்டில் நிற்கும் வண்டியைத் தொடவில்லை. மின்வண்டிக்கு மாற நினைப்பவரும், அதுவரை பழைய வண்டியை ஓட்ட ஒரு கேஸ்கட்டா ஒரு எஞ்சினா என்று தெரிந்தாக வேண்டும்.

அளந்த பிறகும் எஞ்சின் செத்ததுதான் என்றால் மாற்ற வேண்டியதுதான். குதிரைத்திறனை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒட்டியில் போடுவது சைலன்ஸரும் காற்று வடிகட்டியும் இல்லாமல் சோதனைக்கூடத்தில் அளந்த மொத்தத் திறன். இந்த எண்களைப் பற்றிய வழக்கு 2010இல் பெருந்தொகைச் சமரசத்தில்தான் முடிந்தது. ஒத்துப்போக வேண்டியவை வேறு. கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக இறங்க வேண்டும். விட்டம் பெரும்பாலும் ஒரு அங்குலம், நீளம் மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். நீளம் பிசகினால் பெல்ட் கப்பி கோட்டில் நிற்காது. எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை வண்டி செய்தவர் குறித்த வேகத்துக்கே வைக்க வேண்டும். கத்தி நுனியின் வேகத்துக்கு அமெரிக்கத் தரவிதி நிமிடத்துக்கு 19,000 அடி என்று உச்சவரம்பு போட்டிருக்கிறது, அதுவே மணிக்கு 350 கிலோமீட்டர் வாக்கில் வருகிறது. கத்தி மின்கிளட்ச்சில் ஓடினால் புது எஞ்சினின் ஆல்டர்னேட்டர் அத்தனை ஆம்பியர் தருமா என்று பார்க்க வேண்டும். ஒயர் நிறத்தை மட்டும் நம்பவே கூடாது. மேக்னெட்டோ காயிலை நிறுத்தும் ஒயர் எர்த்தில் படத்தான் இருக்கிறது. சோலனாய்டு ஒயர் என்று நினைத்து அதில் பேட்டரியின் 12 வோல்ட்டைக் கொடுத்தால், பெட்டியிலிருந்து அப்போதுதான் பிரித்த எஞ்சினின் காயில் முதல் சாவித் திருப்பலிலேயே எரிந்துபோகலாம்.