திதி அறியாதார் கஞ்சி

இளவேனில் என்று இலக்கண நூலார் வகுத்த பருவம் சித்திரையும் வைகாசியுமாகிய இரு திங்கள். யாழ்ப்பாணத்திலே அப்பருவத்துக்கு இளமை பெயரளவிலேதான். காலை பத்து மணிக்கே ஒழுங்கை மணல் காலைச் சுடும். கிணறுகளின் நீர்மட்டம் தாழும். சோளகம் பெயர்ந்து வீசும்வரை மரநிழலே தஞ்சம். ஆதலினாற்றான் தண்ணீர்ப் பந்தரும் மோர்ப் பானையும் அன்னதானமும் இப்பருவத்தில் மிகுந்து காணப்படுகின்றன போலும்.

2025ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி திங்கட்கிழமை தொடங்கிய ஒரு கிழமையைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். அன்று பூரணை. பௌத்தர்க்கு அது வெசாக். நம்மவர்க்குச் சித்திரைப் பூரணை; தாயை இழந்தோர் விரதங் காக்கும் நாள். 2009ஆம் ஆண்டு மே 18இல் முடிவுற்ற போரின் இறுதி நாள்களை நினைந்து, ஆண்டுதோறும் மே 12 முதல் 18 வரை முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பகிரும் வாரத்துக்கும் அதுவே முதல் நாள். மூன்றும் ஒரு நாளில் வந்து கூடின. மூன்றிலும் ஊண் கொடுத்தலே தலையாய செயல் என்பதைக் கண்டபோது, என் மனம் மணிமேகலையை நோக்கிச் சென்றது.

அமுதசுரபி என்னும் பாத்திரம் மணிபல்லவத்திலே கோமுகிப் பொய்கையினின்றும் ஆண்டுக்கொருமுறை மேலெழும் நாளைச் சாத்தனார் வானநூல் முறையாற் குறிப்பிடுகின்றார். இளவேனிற் பருவம், ஞாயிறு இடப இராசியில் நிற்கும், கார்த்திகை முதலாக எண்ணப் பதின்மூன்று நாண்மீன் கழிந்தபின் வரும் விசாகத்திலே முழுமதி பொருந்தும், புத்தர் பிறந்த நாளும் அதுவே. (2025இல் வெசாக் நாளன்று ஞாயிறு இன்னும் மேடத்தைவிட்டு நீங்கவில்லை. சாத்தனார் கணக்கின்படி பாத்திரம் எழ இன்னுமொரு திங்கள் செல்லும். மாணவர்க்கு இதனைச் சொன்னால், பண்டிதர் விருந்திலும் பஞ்சாங்கம் பார்க்கின்றார் என்று நகைப்பர்.) நயினாதீவே மணிபல்லவம் என்பார் பலர், அதனை ஏற்காதாரும் உளர். அவ்வழக்கு எங்ஙனமாயினும், நயினை நாகபூசணி அம்மன் ஆலயச் சூழலில் வருவோர்க்குச் சோறிடும் அன்னதானப் பணி அமுதசுரபி என்ற பெயரையே தாங்கி நிற்கின்றது. அறிஞர் முடிவுக்காக மக்கள் காத்திருக்கவில்லை.

அப்பாத்திரம் பொய்கைக்குட் சென்ற வரலாறு அது வெளிவந்த வரலாற்றினும் துயர் மிக்கது. சிந்தாதேவி அளித்த பாத்திரத்தால் மதுரையில் பசித்தோரை ஊட்டிய ஆபுத்திரன், சாவக நாட்டிலே பஞ்சமென்று கேட்டுக் கலமேறினான். இடையிலே மணிபல்லவத்தில் இறங்கியவனை அறியாது விட்டுக் கலம் போயிற்று. ஆளில்லாத தீவிலே அள்ள அள்ளக் குறையாத கலத்தை வைத்துக்கொண்டு அவன் யாது செய்வான்? தான் மாத்திரம் உண்டு உயிர் வாழ்தற்கு நாணி, அதனைக் கோமுகியில் விடுத்து, உண்ணாது உயிர் நீத்தான். கொடுப்பவன் கையிற் சோறும், பசித்தவன் வேறொரு கரையிலுமாக நின்ற அந்தப் பகுதியைக் கற்பிக்குங்கால் 2009ஐ நினையாமல் இருக்க என்னால் இயல்வதில்லை. நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய மணற்கரையில் மக்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது, யான் குடாநாட்டிலே மூன்று வேளையும் உண்டுகொண்டிருந்தேன்.

நிற்க. பூரணை நாட் காலையில் எங்கள் ஊர்க் கோயிலில் வழக்கம்போலச் சித்திரபுத்திரனார் கதை படிக்கப்பட்டது. படிப்பு முடிந்ததும் சித்திரைக் கஞ்சி வார்த்தனர். என் இளமையிற் பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் குடித்த கஞ்சி; இன்று நெகிழிக் குவளையில் வருகின்றது. சுவை குன்றிற்று என்று சொல்ல வாயெடுத்து, என் நாவுக்கும் வயதாயிற்று என்பதை எண்ணி அடங்கினேன்.

கோயிலிலிருந்து இருநூறு பாக தூரத்திலே சனசமூக நிலையம். அதன் முற்றத்து வேம்பின்கீழ் மூன்று கல் வைத்து மற்றொரு கஞ்சி கொதித்தது. அரிசி, நீர், உப்பு: இவையன்றி அதில் வேறொன்றுமில்லை. நிலையத்து இளைஞரும் உயர்தர வகுப்பு மாணவிகள் சிலரும் தெருவிற் போவாரை மறித்துச் சிரட்டையில் வார்த்துக் கொடுத்தனர். துவிச்சக்கரவண்டியில் வந்தோர் ஒரு காலை நிலத்தில் ஊன்றியபடியே குடித்தனர். ஒருவரும் உரக்கப் பேசவில்லை.

இவ்விடத்தில் என் குற்றமொன்றைச் சொல்லிவிடல் வேண்டும். சில ஆண்டுகளின் முன் இதே முற்றத்துக்கு மாணவர் என்னை அழைத்தனர். எதிர்வீட்டு மதிலோரம் இருவர் நின்று போவார் வருவாரைக் குறித்துக்கொண்டிருந்தனர். ஏகாதசி விரதம் என்று சொல்லி விரைந்து நடந்தேன். அன்று ஏகாதசி அன்று என்பதை அம்மாணவருள் ஒருவன் அறிவான். திதி கணிக்க அவனுக்குக் கற்பித்தவனே யான்தான்.

அச்சத்துக்குக் காரணமில்லை என்று யாரும் கூறவியலாது. 2024ஆம் ஆண்டு மே மாதத்திலே திருகோணமலை மாவட்டத்துச் சம்பூர்ப் பகுதியில் இக்கஞ்சியைப் பகிர்ந்தமைக்காகப் பெண்கள் உட்பட நால்வரைப் பொலிஸார் கைதுசெய்து மறியலில் வைத்தனர். பின்னரே அவர்கள் பிணையில் வெளிவந்தனர். பத்து நாள் கழித்து வெசாக் வந்தது. நாடெங்கும் தன்சல்கள் எழுந்தன. தானசாலை என்பதன் சிங்கள வழக்கே தன்சல். சோறும் கிழங்கும் பானமும் வழிப்போக்கர்க்கு வேறுபாடின்றி வழங்கும் அவ்வழக்கம் மிக நல்லது. அதனைக் குறைகூற என் நா எழாது. பூரணை மாலையில் நகருக்குச் சென்ற யானும் ஒரு தன்சலில் நின்று, சீருடை அணிந்த இளைஞனொருவன் இரு கையாலும் நீட்டிய பானத்தை வாங்கிப் பருகினேன். என் மகன் வயதுதான் அவனுக்கு இருக்கும். அவன் தாய்க்கும் என் தாய்க்கும் பசி ஒன்றே. ஆனால் ஓர் அகப்பை புண்ணியமாகவும் மற்றோர் அகப்பை குற்றமாகவும் எண்ணப்படுதற்கு எந்த அறநூலில் விதியுண்டு என்பதே என் வினா. மணிமேகலை சிறைக்கோட்டத்துட் புகுந்து பசித்தவர்க்குச் சோறிட்டாள் என்று கேட்ட சோழ மன்னன், அவளை அழைத்து அவள் வேண்டியது யாதென வினவினான். அவள் வேண்டியபடியே அச்சிறையை அறக்கோட்டமாக்கக் கொடுத்தான். சம்பூரில் நிகழ்ந்தது அதன் மறுதலை.

என் விடயத்துக்கு மீள்கின்றேன். வேம்பின்கீழ் அகப்பை பிடித்து நின்றவர் எங்கள் அயலிலே வாழும் ஒரு பெண். 2009இன் பின் வன்னியிலிருந்து வந்தவர். அயலார் பலர் தம்மவர் இறந்த ஆங்கிலத் திகதியைக் கொண்டுவந்து, பஞ்சாங்கம் பார்த்துத் திதி கேட்பது வழக்கம். அவரும் முன்னொருகால் வந்திருந்தார். அவரிடம் திகதி இல்லை.

“வலைஞர்மடத்திலை பிரிஞ்சிட்டம் ஐயா. அதுக்குப் பிறகு அம்மாவை ஆரும் காணேல்லை. எந்த நாள் எண்டு எழுதுறது?” என்றார்.

மாதம் தெரிந்து திதி தெரியாவிடின் அம்மாதத்து அமாவாசையிற் செய்க என்று விதியுண்டு என்று அன்று கூறினேன். விதி சரியானதே. அவர் தலையசைத்துப் போனார். நான் ஒரு கடமையைச் செவ்வனே முடித்ததாக எண்ணியிருந்தேன்.

இம்முறை சிரட்டையை என் கையில் தந்துவிட்டு அவர் தாமாகவே சொன்னார்: “நீங்கள் சொன்னமாதிரி அமாவாசைக்கும் செய்யிறன் ஐயா. ஆனா இதை ஊத்தாட்டி எனக்குச் செய்தமாதிரி இல்லை. அம்மா கடைசியாக் குடிச்சது இதுதான். என்ரை பங்கையும் எனக்குத்தான் திருப்பி ஊத்தினவ.”

சிராத்தத்தில் இறந்தார்க்கு உவந்த உணவைப் படைத்தல் மரபு. உவந்ததை அவர் அறிவார். ஆனால் இறுதியாக உண்டதையே படைக்கின்றார். நூல்களிலே நான் தேடாத ஒரு விதி அந்தப் பானைக்குள் இருந்தது. நினைவு வாரம் என்று நாம் சொல்லும் இந்த ஏழு நாள், திதி அறியாத பலருக்குத் திதியாக நிற்கின்றது. ஒரு நாளைச் சுட்டிச் சொல்ல இயலாதவர்க்கு ஒரு கிழமை வேண்டும். ஊர்வலத்தைத் தடுப்பவன் அரசியலைத் தடுத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். இப்பானையைக் கவிழ்ப்பவன் ஒரு மகளின் பிதிர்க்கடனைத் தடுக்கின்றான்.

அன்று என் அன்னையார்க்கும் விரதம். ஒருவேளை உணவு கோயிற் கஞ்சியோடு முடிந்தது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். குடித்தேன். அரிசி கரைந்து நீர்த்திருந்தது, பருக்கைகளை எண்ணலாம்.

“உப்பு எப்பிடி ஐயா?” என்று கேட்டாள் என் மாணவி.

“அளவாய் இருக்கு.”

“அப்ப இப்பிடி அளவில்லை,” என்றார் அந்தப் பெண். “கிடைச்சாப் போடுறது.”

ஞாயிற்றுக்கிழமை, 18ஆந் திகதி, இறுதி நாள். சிரட்டைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பிள்ளைகள் வேம்படியில் விளக்கேற்றினர். புறப்படுங்கால், அடுத்த ஆண்டு யான் செய்யத்தக்க பணி ஏதேனும் உண்டோ என்று கேட்டேன். சொற்பொழிவு கேட்பார்கள் என்று எதிர்பார்த்தமை உண்மை. நிலையத் தலைவன் சற்று யோசித்தான்.

“விடிய ஐஞ்சு மணிக்கு வருவியளோ ஐயா? விறகு கொத்த ஆளில்லை.”